பதினொரு வினாடிக்கு ஒரு விண்ணப்பம்

அடுத்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளை நம் நாட்டில் ஒளிபரப்பும் உரிமையை எந்த நிறுவனம் வாங்கப்போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை என்று நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. செங்கல்பட்டில் நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டு, "இன்னா மச்சான், இந்த தபா மேட்ச்சே பாக்க முடியாதா?" என்று கவலைப்பட்டார்.

"உனுக்கு இன்னாடா பேஜாரு? நீதான் ஆஃப் டைம்குள்ளயே கொறட்ட வுட்ருவியே" என்றார் மற்றொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, செய்தியை இரண்டு முறை படித்தேன். ஒளிபரப்பு உரிமை என்னும் அவ்விரண்டு சொற்களால் இந்த வட்டாரத்தில் என் வீட்டைப்போல் இழந்த வீடு வேறொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் மனு எழுதுகிறவன். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, புங்க மரத்து நிழலில், மடக்கு மேசை ஒன்றைப் போட்டு முப்பத்தொன்பது ஆண்டுகளாக எழுதிவருகிறேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றது. மீதியை நூலகத்திலும் அரசிதழ்களிலும் கைக்குக் கிடைத்த தீர்ப்பு நகல்களிலும் நானே தேடிப் படித்தேன். மனுவுக்கு ஓர் உடலமைப்பு உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, வேண்டுகோள், முடிவில் இணைப்பு. இணைப்பு இல்லாத மனு எந்த மேசையிலும் நிற்காது என்பது என் முதல் விதி. தெரியாத விவரத்தை ஊகித்து எழுதக் கூடாது என்பது இரண்டாவது. சர்வே எண் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். விசாரித்து வந்து மனுதாரர் தம் கையால் நிரப்ப வேண்டும். இவ்விரு விதிகளையும் நான் ஒருநாளும் மீறியதில்லை. முதல் விதியை ஒரே ஒருமுறை மீறியிருந்தால் இதை எழுத நேர்ந்திராது.

எங்களுக்கு ஒரே மகன். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்தான். இங்கே சில காலம் ஏசி மெக்கானிக்காக அலைந்துவிட்டு வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனான். சென்ற உலகக் கோப்பை நடந்தது அந்த நாட்டில்தான். மைதானம் ஒன்றைக் குளிரவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் அவனும் ஒருவன். போட்டிகள் தொடங்கிச் சில நாள் கழித்து ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தான்.

"நைனா, வர்ற சனிக்கெழம நான் டிவில வருவேன்."

"நீ எதுக்குடா டிவில வர?"

"மேட்ச் தொடங்கறதுக்கு முன்ன கிரவுண்டு நடுவுல ஒரு பெரிய ரவுண்டு துணி விரிப்பாங்க. அத சுத்தி நின்னு புடிக்க ஆளு பத்தலன்னு எங்க டீம்ல நாலு பேர கேட்டாங்க. நானும் ஒருத்தன். கேமரா கிட்ட வரும்னு சொன்னாங்க. வந்தா நான் நேரா பாத்து சிரிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லு."

மனைவி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "எந்த சேனல்ல வருவ?"

 எங்கள் ஊர் திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையிலிருக்கிறது. கேபிள்காரரைக் கேட்டேன். "உரிமை ஒரே கம்பெனிகிட்ட கீது சார். அந்த சேனல் நம்ம கட்டுல கெடையாது. போன்ல பாக்கலாம், ஆனா உங்க ஊரு டவருக்கு பாதி ஆளுதான் தெரிவான்" என்றார்.

ஆகவே சனிக்கிழமை பிற்பகல் நானும் மனைவியும் பேருந்து மாறிப் படூர் சென்றோம். என் மகனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவன் அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பராமரிக்கிறான். அவனும் என்னை நைனா என்றே அழைப்பான். குடியிருப்புச் சங்கத்தின் பொது அறையில் இருந்த பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால், கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் குடும்பத்தினர் சோபாக்களில் அமர்ந்திருந்தார்கள். என் மனைவி ஒவ்வொருவரிடமும் போய், "எம்புள்ள வர்றான், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு பெண்மணி, "உங்க பையன் பிளேயரா அம்மா?" என்று வியந்து கேட்டார். "இல்லம்மா, துணி புடிக்கிறான்" என்று இவள் பெருமையோடு சொன்னாள். அந்தப் பெண்மணி எழுந்து தம் இடத்தை இவளுக்குக் கொடுத்தார்.

சோப்பு விளம்பரமும் கார் விளம்பரமும் ஓடின. இதற்குள் துணியை விரித்து மடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். விளம்பரம் முடிந்ததும் பச்சை மைதானம் தெரிந்தது. நடுவில் வட்டத் துணி. நீலச் சட்டை அணிந்தவர்கள் அதன் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தார்கள். கேமரா வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டே வந்து என் மகன் முகத்தில் நின்றது.

அவன் சிரிக்கவில்லை. கேமரா வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. காது அரித்திருக்க வேண்டும். கைகள் இரண்டும் துணியில் இருந்ததால், தலையைச் சாய்த்துத் தோளிலே காதைத் தேய்த்துக்கொண்டான். சிறு வயதில் மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் தேய்ப்பான். தேய்த்துவிட்டு நிமிர்ந்து பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். அவ்வளவுதான், கேமரா நகர்ந்துவிட்டது.

"தோ எம்புள்ள! தோ! காது அரிக்குது பாரு அவனுக்கு, எண்ண வச்சானோ இல்லியோ!" என்று மனைவி கத்தினாள். அறையே கைதட்டியது. மகனின் நண்பன் அதைத் தொலைக்காட்சித் திரையிலிருந்து தன் கைபேசியில் பிடித்து, அன்றே இணையத்தில் தன் பக்கத்தில் போட்டு, அதன் முகவரியை எங்கள் கைபேசிக்கு அனுப்பினான். பதினொரு வினாடிகள். அவற்றுக்குள் மகனின் முகமும் அவன் தாயின் குரலும் சேர்ந்து இருந்தன.

ஒப்பந்தம் முடிந்து மகன் ஊர் திரும்பினான். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டான். "உலகமே பாக்குற நேரத்துல காது சொறிஞ்சிகினு நிக்கிறேனே நைனா!" மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் ஏசி பராமரிப்பு வேலை கிடைத்தது. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தவன் மீது, பின்னால் வந்த வண்டி மோதியது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலாது. அவனுடைய கைபேசி சக்கரத்தில் சிக்கித் தகடாகிவிட்டது. அயல்நாட்டில் எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. எங்களிடம் மிஞ்சியது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமும், பள்ளிக் குழுப்படமும், அசைகின்ற அந்தப் பதினொரு வினாடிகளுமே.

மாலையில் விளக்கேற்றியதும் மனைவி அதைப் பார்ப்பாள். மூன்று முறை, நான்கு முறை. முடிந்ததும் கைபேசியை முந்தானையால் துடைத்து விளக்கின் பக்கத்தில் வைப்பாள். நானும் அருகில் அமர்ந்து பார்ப்பேன். தொட்டவுடன் ஓடியது, ஆதலால் அதைத் தனியே எடுத்துச் சேமிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. எடுத்த நண்பனும் பழைய கைபேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கிவிட்டான். இணையத்தில் இருப்பது எங்கே போய்விடப்போகிறது என்று அவனும் நினைத்தான்.

ஓராண்டு சென்றிருக்கும். அதே பக்கத்தில் அவன் போட்டிருந்த வேறொரு பதிவு, யாரோ கோல் அடித்த காட்சி, உரிமையாளரின் ஆட்சேபத்தால் நீக்கப்பட்டது என்று பேச்சோடு பேச்சாக என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. புறம்போக்கில் வீடு கட்டியவர்கள் பட்டா கேட்டு வரும்போது அவர்கள் கண்ணில் இருக்கும் பயத்தை ஆயுள் முழுதும் பார்த்தவன் நான். மகன் குடியிருந்த அந்தப் பதினொரு வினாடியும் பிறர் நிலத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. அப்போதும் தனியே நகல் எடுத்துவைக்கத் தோன்றவில்லை; எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிட்டால் எவரும் கைவைக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

நான்கு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். உயர்திரு உரிமையாளர் அவர்கள் சமூகத்துக்கு, என்று தொடங்கி, மகன் துணி பிடித்ததையும் அவன் மறைந்ததையும் தெரிவித்து, மேற்படி பதினொரு வினாடிகளை அவனுடைய பெற்றோர் தம் ஆயுட்காலம் வரை தடையின்றிப் பார்த்துக்கொள்ள அனுமதி அளிக்கும்படி பணிவுடன் கோரினேன். என் கையால் எழுதிய மனுக்களில் அதைவிடச் செம்மையானது வேறில்லை என்று அன்று நினைத்தேன். அதை எடுத்துக்கொண்டு படூர் போனேன். நண்பன் ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்தான்.

"இவங்களுக்கு லெட்டர் போட அட்ரஸே இல்ல நைனா. வெப்சைட்ல ஒரு ஃபாரம் கீது. ரைட்ஸ் சம்பந்தமா எதுனா சொல்லணும்னா அதுலதான் போடணும்."

"போடு."

"லிங்க் கேக்குது. அத குடுக்கணுமா? மொதல்ல சும்மா கேட்டுப் பாப்போமே நைனா."

"இணைப்பு இல்லாம மனுவாடா? என்னத்தப் பாத்து அனுமதி குடுப்பாங்க?"

எனக்குக் கீழ்ப்படிந்து, அந்த முகவரியை உரிய கட்டத்தில் பதித்து அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வரும் வழியிலேயே அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற நண்பன், கைபேசியை நீட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டே வரிகள். உரிமை மீறலைத் தெரிவித்தமைக்கு நன்றி. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்தப் படிவம் புகார் அளிப்பதற்கானது. வேறு எதற்கும் அவர்களிடம் படிவம் இல்லை. நான்கு பக்கத்தையும் எவரும் படித்திருக்கவில்லை. இணைப்பை மட்டும் பார்த்திருக்கிறார்கள். மகனைப் பார்க்க அனுமதி கேட்ட மனு, மகனைக் காட்டிக்கொடுத்த புகாராகப் பதிவாகிவிட்டது.

"நான் போடாம இருந்திருக்கணும் நைனா" என்றான் அவன்.

"போடச் சொன்னவன் நான்" என்றேன்.

அன்று மாலை மனைவி விளக்கேற்றிவிட்டுக் கைபேசியைத் தொட்டாள். கறுப்புக் கட்டமும் அதன் நடுவே ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்தன. அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "டவர் இல்ல போல" என்றாள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுநாள் கைபேசியை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். தினமும் மாலையில் கைபேசியை எடுத்துக்கொண்டு படியேறும் அவளுடைய காலடி கேட்கும். முழங்கால் வலிக்காரி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவாள்.

மனுக்களை மீண்டும் எழுதினேன். இம்முறை, அந்தப் பதிலின் அடியில் கண்டிருந்த அலுவலக முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதிலில்லை. நான்காவதற்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் போட்டிகளுக்கான எங்கள் உரிமைக்காலம் முடிவுற்றது. அக்காட்சிகள் எவையும் இப்போது எங்கள் வசம் இல்லை. போட்டியை நடத்திய அயல்நாட்டு அமைப்பை அணுகவும் என்று கண்டிருந்தது. அதாவது, எங்களிடமிருந்து எடுத்தவர்களிடமும் அது இல்லை. ஆட்டத்தின் சுருக்கத் தொகுப்புகள் இணையத்தில் பல இருந்தன. நண்பன் எல்லாவற்றையும் தேடினான். அவை அனைத்தும் முதல் உதையில்தான் தொடங்குகின்றன. துணி விரித்தவர்களை எந்தத் தொகுப்பிலும் வைக்கவில்லை.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது மனைவி தெருவில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. திருப்போரூரில் கைபேசிக் கடைக்குப் போய் வந்திருக்கிறாள்.

"டவரு இல்லயாம்ங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லயாம். யாரோ கம்ப்ளைண்ட் குடுத்து தூக்கிட்டாங்களாம். அந்த புள்ள படிச்சு சொல்லிச்சு."

நான் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எவன் அவன்? செத்துப்போன புள்ளய பெத்தவ பாக்குறா. அதுல எவனுக்கு இன்னா வவுத்தெரிச்சல்?" என்றவள் குனிந்து தெரு மண்ணை இரு கையாலும் வாரினாள். "அத எழுதினவன் கை வெளங்காம போவணும்! அவன் எழுதின கை இருந்த எடம் தெரியாம போவணும்!" என்று தூற்றினாள். மண் என் வேட்டியிலும் செருப்பிலும் விழுந்தது. எதிர்வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள்.

"போதும், உள்ள வா" என்றேன்.

"இன்னா போதும்? உங்களுக்கு எரியலயா?"

"எழுதினது நான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பயந்ததை, நான்கு பக்கம் எழுதியதை, படிவத்தை, இணைப்பை. பிறருக்காக வருடக்கணக்கில் கோர்வையாகக் கூறத் தெரிந்த எனக்கு அன்று சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை; என் வலது கையையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தூற்றிய மண்ணை, தெருவின் மண்ணிலிருந்து எது தூற்றியது எது தூற்றாதது என்று தெரியாமலே, என் காலைச் சுற்றிக் கூட்டி அள்ளினாள். என் வேட்டியில் ஒட்டியிருந்ததையும் தட்டி முறத்தில் சேர்த்தாள். கொண்டுபோய்க் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சில நாட்கள் எங்களுக்குள் பேச்சில்லை. சோறு வைப்பாள், நான் உண்பேன். ஒரு மாலை விளக்கேற்றிவிட்டு வந்து எனக்கு எதிரில் அமர்ந்தாள்.

"இப்ப அது எவன் கையில கீது?"

"வெளிநாட்டுல, போட்டி நடத்துனவங்ககிட்ட. அவங்க எதையும் அழிக்க மாட்டாங்களாம்."

"அப்ப அவனுக்கு எழுது. கேமரா வச்சவன்தான், அவன்கிட்ட இருக்கும். எம்புள்ள எப்படி நின்னான்னு அடையாளம் சொல்லி எழுது. அவ்ளோ பேர்ல எப்படித் தேடுவான்?"

அவள் சொன்னது சரி. ஆளை அடையாளம் காட்டாத மனுவால் பயனில்லை. அவர்களிடம் கிடைத்தாலும் அதில் அவளுடைய குரல் இருக்காது என்பதை நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கலாம். தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஆட்டம் தொடங்கும் முன், வட்டத் துணியின் ஓரத்தைப் பிடித்து நிற்போரில், நீலச் சட்டையும் சுருள் முடியும் உடையவர். தலையைச் சாய்த்து வலது காதைத் தோளில் தேய்ப்பவர் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எடது காது" என்றாள்.

"வலதுதான். நான் பாத்தேனே."

"நீ பாத்த! நான் பாக்கலயா? எடது பக்கந்தான் சாஞ்சான். அந்தக் காதுலதான் சின்னதுல சீழ் வடிஞ்சிது. எத்தினி ராத்திரி எண்ண காச்சி வுட்டேன், எனக்குத் தெரியாதா?"

நான் கண்களை மூடிக்கொண்டு பார்த்தேன். மைதானம் தெரிந்தது. நீலம் தெரிந்தது. தலை சாய்ந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்கப் போகும்போது அது இரண்டு பக்கமும் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது அவளும் கண்களை மூடியிருந்தாள். அவளுடைய தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, நின்றது, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. "தெரிலயே" என்றாள். அவள் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதில்லை. மகனை எடுத்துச் சென்ற அன்றுகூட.

மறுநாள் நண்பனைத் தொலைபேசியில் கேட்டேன். "நான் அவன பாக்கவேயில்ல நைனா. கை ஆடக் கூடாதுன்னு போன் ஃபிரேமத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றான்.

அந்தப் பொது அறையில் கைதட்டியவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களிடம் போய் என்னவென்று கேட்பது? ஓராண்டு முழுதும், மாலைதோறும், மூன்று முறை நான்கு முறை பார்த்த தாய்க்கும் தந்தைக்கும் தெரியாததை, ஒருமுறை பார்த்தவர்களிடம் கேட்கக் கூசினேன்.

மனுவைப் புதிய தாளில் எழுதி முடித்துவிட்டேன். பொருள், பார்வை எல்லாம் உள்ளன. இணைப்பு மட்டும் இல்லை. இணைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. எது எனத் தெரியாததை ஊகித்து எழுதுவதில்லை என்னும் விதியை இந்த வயதில் மீற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, தலையைச் சாய்த்து, என்பதற்குப் பிறகு ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு, காதைத் தோளில் தேய்ப்பவர், என்று எழுதியிருக்கிறேன். தாள் பையிலேயே இருக்கிறது. தினமும் செங்கல்பட்டுக்குப் போய், தினமும் திரும்பி வருகிறது.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள்.

"எழுதிட்டியா?"

"இல்ல. உனக்கு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிதா?"

இல்லையென்று தலையை அசைக்கிறாள். மனுதாரர் கையால் நிரப்ப வேண்டிய இடம் அது. மனுதாரர்கள் நாங்கள் இருவரும்தான்.